ஈக்காலத்து மனு

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்கு மழைக்காலம், வெயில் காலம் தவிர ஈக்காலம் என்று ஒன்றும் இருந்தது. பலாப்பழம் பழுத்து வெடிக்கத் தொடங்கி, சாயங்காலங்களில் கோடைமழை வந்து வந்து போகும் நாட்களில் ஈக்கள் வரும். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் மழை ஊன்றிப் பிடித்ததும் போய்விடும். அந்த மூன்று நான்கு வாரமும் கட்டிடம் ஈக்களுடையது. வாடகை கொடுக்கும் நாங்கள் அவற்றுக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தோம்.

ஈ என்றால் பத்து இருபது என்று நினைத்துவிடக் கூடாது. முற்றத்துத் துணிக்கொடி இருட்டத் தொடங்கினால் கறுப்புக் கயிறாகிவிடும். கை தட்டினால் கயிறு வெளுக்கும், ஐந்து எண்ணுவதற்குள் மறுபடி கறுத்துவிடும். பகல் சாப்பாட்டை நாங்கள் கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அப்பா கூடத்தில் நான்கு ஆணி அடித்து வலையைக் கட்டியிருந்தார். அம்மா சோற்றுப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைவாள். வலைக்கு வெளியே ஈக்கள் அப்பிக்கொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்கும். அடைத்து வைக்கப்பட்டிருப்பது அவையா நாங்களா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

சுக்கும் மிளகும் ஏற்றி இறக்கும் பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்தக் கட்டிடம். ஓடு போட்ட பழைய மாடிக் கட்டிடம். மாடியில் நான்கு குடும்பங்கள். நான்கும் தாத்தாக்கள் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவை. அப்பா மிளகுக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், எடை எழுதுகிறவர். அவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, பேசுவதற்கு மட்டும். எழுத்து தெரியாது. எனக்கு நேர்மாறு. தமிழில் என் பெயரை எழுதினாலே அம்மா சிரிப்பாள். ஆனால் மலையாளக் கையெழுத்துக்காகப் பள்ளியில் பரிசு வாங்கியிருந்தேன். எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயது முடிந்த கோடை விடுமுறையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

கீழே தெருவைப் பார்த்த பெரிய அறையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். காயலுக்கு அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்காரி, மலையாளி. அம்மாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கட்டிடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் சேச்சி என்று கூப்பிட்டோம். காய்ந்த இறால் வியாபாரம். சாக்குச் சாக்காகப் படகில் வந்து இறங்கும். அறை வாசலில் உட்கார்ந்து முறத்தில் புடைத்து, தலையையும் ஓட்டையும் நீக்கிப் பொட்டலம் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். மாடியில் நான்கு வீட்டிலும் மீன் சமைப்பதில்லை. படியிறங்கும்போது அவள் அறைப் பக்கம் வந்ததும் எல்லோருடைய கையும் தானாக மூக்குக்குப் போகும்.

நான் மட்டும் அந்த அறைக்குள் போவேன். சேச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பம்பாயில் ஹோட்டல் வேலையில் இருந்த அவளுடைய தம்பியிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அதைப் படித்துக் காட்டுவதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் என் வேலை. எழுதி முடித்ததும் கை நிறைய நேந்திரங்காய் வறுவல் தருவாள். நான் அங்கே போவது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

கட்டிடத்துக்குச் சொந்தக்காரரை எல்லோரும் முதலாளி என்பார்கள். பின்னாலேயே அவர் வீடு. முந்தைய வருடம் மூன்று பசுக்கள் வாங்கி, எங்கள் கட்டிடத்தின் பின்சுவரை ஒட்டித் தொழுவம் போட்டிருந்தார். எங்கள் நான்கு வீட்டுக்கும் அங்கிருந்துதான் பால். வேறு இடத்தில் வாங்கக் கூடாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் வாங்கியதும் இல்லை.

அந்த வருடம் ஈக்கள் சீக்கிரமே வந்தன. வழக்கத்தைவிடப் பல மடங்கு. அம்மா வேப்பிலைப் புகை போட்டாள், கற்பூரம் கொளுத்தினாள், தரையை பினாயிலால் கழுவினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் குங்கிலியத்தை விளக்கெண்ணெயில் காய்ச்சிப் பழைய நாளிதழில் தடவி வாசலில் தொங்கவிட்டார். ஒரு மணி நேரத்தில் நாளிதழில் செய்தி எதுவும் தெரியவில்லை. ஆனால் பறக்கிற ஈயில் ஒன்று குறைந்ததாகவும் தெரியவில்லை.

காலையில் பால் வாங்கப் போவது நான்தான். தொழுவத்துக்குப் பின்னால் சாணிக் குழி இருந்தது. அதன் மேல் பலாச்சுளை எடுத்த தோலையும் சடையையும் கொட்டியிருப்பார்கள். ஒரு மழை பெய்த மறுநாள் எட்டிப் பார்த்தேன். யாரோ சோற்றைக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடந்தது. அந்தச் சோறு அசைந்தது. அடுப்பில்லாமல் கொதிக்கிற உலைபோலக் குழி முழுவதும் நெளிந்துகொண்டிருந்தது. பால் தூக்கோடு நேராகச் சேச்சியிடம் ஓடினேன்.

“சேச்சி, குழியில சோறு தன்னால அசையுது.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அது சோறல்ல மோளே. ஈச்சயோட குஞ்சுங்களாணு. ஈச்சயோட வீடு அவிடெயாணு, தொழுத்துல.” ஈயை அவள் ஈச்ச என்பாள், என்னை மகளே என்கிற அர்த்தத்தில் மோளே என்பாள்.

“இங்க எறா இருக்கறதாலதான் ஈ வருதுன்னு மாடியில சொல்றாங்களே?”

அவள் ஒரு கையில் காய்ந்த இறாலை அள்ளிக்கொண்டாள். மறு கையில் முந்தின நாள் நான் கொண்டுவந்து கொடுத்த பலாச்சுளையை வைத்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இறால் மேல் ஓரிரண்டு ஈ உட்கார்ந்து எழுந்து போயின. பலாச்சுளை கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனது. “கல்லுபோல உணங்கிய சாதனத்துல அதுக்கு என்ன கிட்டும்?” என்றாள். எனக்கு விளங்கியது. பெரியவர்களிடம் சொன்னால் அவர்களுக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

சொல்வதற்கு முன்னால் என் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவனுக்குப் பத்து மாதம். தூளிக்கு மேல் அம்மா ஈரத்துணி போர்த்திப் பார்த்தும், தூங்கும்போது கண்ணோரத்திலும் வாயோரத்திலும் ஈ மொய்க்கும். ஒரு நாள் காலையிலிருந்து வாந்தியும் பேதியும். மத்தியானம் கண் செருகி, கைகால் துவண்டுவிட்டது. அப்பா கிட்டங்கியில். அம்மா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தவர்கள் கதவுகளைத் திறந்து பார்த்தார்கள். ஏறி வந்தது சேச்சி மட்டும்தான். அதற்கு முன் அவள் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. எதுவும் கேட்காமல் தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவளுடைய முண்டில் இறால் வாடை அடித்தது. அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்களைத் துரத்தினேன்.

“இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கஷ்டம்” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஈ உட்கார்ந்த எதுவோ வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றும் சொன்னார். மூன்று நாள் அங்கே இருந்தோம். அப்பா வந்து சேர்ந்தபோது சேச்சி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் முன்னால் நின்று கைகூப்பினார். அப்பா சாமிக்கு அல்லாமல் யாருக்காவது கைகூப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் குழியைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் பால் வாங்கப் போகும்போது என்னுடன் தொழுவத்துக்கு வந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் குழியைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்துக் கிளறினார். உள்ளேயிருந்து ஈக்கள் புகைபோல எழும்பின. அப்போது முதலாளி வந்தார்.

“எந்தா, குட்டிக்குச் சுகமாயோ?” என்று தம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே என் தூக்கை வாங்கி, வழக்கமாக ஊற்றும் பாலுக்கு மேல் இன்னும் அரைப்படி ஊற்றினார். “இது குட்டிக்கு” என்றார். பிறகு அப்பாவிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். “ஈச்ச எல்லாம் அந்தச் செம்மீன்காரியோட பணியாணு. ஞான் ஒழியச் சொன்னா, தனியா இருக்கிற பொண்ணை முதலாளி விரட்டுதுன்னு நாட்டுல பேசும். நீங்க நாலு வீடும் சேர்ந்து எனக்கு ஒரு மனு எழுதித் தந்தா காரியம் எளுப்பம். மலையாளத்துல எழுதணும் கேட்டோ.”

அப்பா கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். “சரி மொதலாளி” என்றார்.

திரும்பி நடக்கும்போது சொன்னார், “குழியப் பத்தி அம்மாகிட்ட பேசாத.”

“ஏம்ப்பா?”

“சொன்னாக் கேளு.”

ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டு ஆண்களும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். வெளியே உட்கார முடியாததால் எல்லோரும் கொசுவலைக்குள். நான் நடுவில், மரப்பலகையும் பேனாவும் தாளுமாக. இத்தனை பெரியவர்கள் எனக்காகக் காத்திருப்பது பெருமையாக இருந்தது. அப்பா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கீழ்த்தளத்து அறையில் மீன் பண்டங்கள் வைப்பதால் ஈக்கள் பெருகிவிட்டன என்றும், குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது என்றும், தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்றும். மனு எழுதச் சொன்னது முதலாளி. மனு யாருக்கு என்று மேலே எழுதியதும் முதலாளியின் பெயர். அவருக்கே தெரிந்ததை அவருக்கு ஏன் தெரிவிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் காரியங்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு சந்தேகம் மட்டும் நின்றது.

“அப்பா, சாணிக் குழிய எழுத விட்டுட்டோமே?”

தையல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்காமல், “நான் சொல்றத மட்டும் எழுது” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவதான் பிள்ளைய தூக்கிட்டு ஓடினா. அதையும் எழுதச் சொல்லுங்க.”

“எழுதணுமா?” என்று அப்பாவைக் கேட்டேன். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்று பேரும் போட்டார்கள். தையல்காரர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு! இந்தப் பிள்ள ஆபீஸ் வேலைக்குத்தான் போகும்” என்றார். அம்மா அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை. எழுத்தில் ஏதாவது பிழை விட்டுவிட்டேனோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மூன்று நாள் கழித்துச் சேச்சி படிக்கட்டின் கீழ் நின்று கூப்பிட்டாள். “மோளே, இதொன்னு வாயிச்சுத் தருமோ?”

பம்பாய்க் கடிதம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். நான்காக மடித்த தாளைக் கொடுத்தாள். “முதலாளி தந்தது. அறை ஒழியணுமாம். காரணமெல்லாம் இதுல உண்டாம்.” பிரித்தேன். என் எழுத்து.

இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நான் எழுதிய ஒன்று ஊரெல்லாம் சுற்றி வந்து என் கையிலேயே சேர்ந்திருக்கிறதே என்று. பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல நிமிர்ந்து நின்று, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு முழுவதும் படித்தேன். சேச்சி முறத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு கேட்டாள். குழந்தைகளின் உயிர் என்ற இடம் வந்தபோது அவள் கை நின்றது.

“ஒப்பு ஆரொக்கெ இட்டிருக்கு?”

கையெழுத்துப் போட்டிருந்த நான்கு பேரின் பெயர்களையும் வாசித்தேன்.

“முதல் ஒப்பு அச்சனோடதோ?”

“ஆமா சேச்சி. அப்பாதான் முதல்ல போட்டாங்க.”

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். வரிசையான எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். “நல்ல கையட்சரம். ஆரு எழுதியது?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். “நான்தான் சேச்சி! ஒரு தப்புகூட இல்லாம எழுதினேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வந்தால் எப்படி இருக்கும், அழுகை வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. என் தலையில் கை வைத்தாள். பிறகு உள்ளே போய் டப்பாவைத் திறந்து, எப்போதும் போல வறுவல் அள்ளிக் கொடுத்தாள். வெளியே வந்து தின்றேன். அன்றைக்கு அவள் ஏன் சிரிக்கவில்லை என்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

அடுத்த ஞாயிறு சேச்சி கிளம்பினாள். கைவண்டியில் சாக்குகளும் ஒரு தகரப்பெட்டியும். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி கிடையாது. ஆனாலும் அப்பா காலையிலேயே அங்கே போயிருந்தார். மாடியில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அம்மா மட்டும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். அவனைச் சேச்சியின் கையில் கொடுத்தாள். சேச்சி அவன் உச்சந்தலையை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி படகுத்துறைப் பக்கம் திரும்பும் வரை அம்மா வெயிலில் நின்றாள். நான் கையாட்டினேன். இனிமேல் யார் அவளுக்குக் கடிதம் படித்துக் காட்டுவார்கள் என்று கேட்டேன். அம்மா தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியேறினாள்.

நான்காம் நாள் மழை ஊன்றிப் பிடித்தது. ஒரு வாரத்தில் ஈக்கள் போய்விட்டன. தையல்காரர் முற்றத்தில் நின்று, “பாத்தீங்களா, அவ போனா, ஈயும் போச்சு” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த மழையில் ஈ போவதை இவர்களும்தானே பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அந்தப் பெரிய அறையில் முதலாளியின் மருமகன் சுக்குக் கடை போட்டார். புதிய பலகை மாட்டிய அன்று எல்லா வீட்டுக்கும் லட்டு வந்தது. அம்மா எங்கள் பங்கை அப்படியே தையல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை என்று ஒரு நாள் முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த வருடம் பலா பழுத்தது. கோடைமழை இரண்டு முறை வந்து போனது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் துணிக்கொடி கறுத்திருந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. முந்தைய வருடத்தைவிட எழுத்து இன்னும் திருந்தியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நோட்டின் நடுவிலிருந்து ஒரு நல்ல தாளைக் கிழித்தேன். பேனாவில் மை நிரப்பினேன். அப்பா கிட்டங்கிக்குப் புறப்படச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, ஈ வந்திருச்சு. இந்தத் தடவ யாரப் பத்தி எழுதணும்?”

பொத்தானில் இருந்த அவருடைய விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். நான் நான்கு வீட்டு ஆண்களின் பெயர்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், யாருடைய ஒப்பு எங்கே வரும் என்று.

அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கினார். ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிட்டங்கிப் பக்கம் போகவில்லை. படகுத்துறைக்குப் போகும் வழியில் திரும்பினார்.

அவர் திரும்பி வந்தபோது விளக்கேற்றியாகிவிட்டது. வேட்டி முழங்கால் வரை நனைந்து, காலெல்லாம் உப்புச் சேறு.

“அவளப் பாத்தீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“வைப்பின் கரையில மூணு எடத்துல கேட்டுட்டேன். போன மழையிலேயே தம்பிகிட்ட போயிட்டாளாம். அவனும் ஹோட்டல் மாறிட்டானாம், இப்ப பம்பாய்ல எங்கன்னு யாருக்கும் தெரியல.”

அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் மெதுவாகப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். நான் கொடுத்தபோது இருந்தது போலவே இருந்தது, வேர்வையில் கொஞ்சம் நனைந்து. எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் எழுதிக் கொடுத்திருப்பேன். வெறும் தாளை அவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போனால் யார்தான் வாங்குவார்கள்.